யாழை முறிக்க வேண்டா

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலைத்தொடரின் சாரலை அடுத்துச் செங்கம் என்னும் ஊர் உள்ளது. மலையிலே பிறந்த செய்யாறு அவ்வூரைத் தழுவிச் செல்கின்றது. அவ்வழியே பேருந்தில் செல்வோர், கடைத்தெருவும் கழனியும் சூழ்ந்த பல ஊர்களுள் ஒன்றாகவே அதனைக் காண்பர். தமிழ் இலக்கியம் கற்றோர்க்கோ அது பழம்பெருமை வாய்ந்த பதியாகும். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா. பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன் சேய் நன்னன் என்னும் மன்னன் அங்கிருந்து அரசு செலுத்தினான். அவனைத் தலைவனாகக் கொண்டு, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடிய பாட்டே மலைபடுகடாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அது 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்னும் மற்றொரு பெயரும் உடையது.

இசையையும் கூத்தையும் தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் வறுமையால் வாடி வழி நடக்கின்றனர். முழவு, ஆகுளி, கொம்பு, குழல், தூம்பு முதலிய கருவிகளைப் பைகளில் இட்டுச் சுமந்து செல்கின்றனர். பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப்போல அப்பைகள் தோன்றுகின்றன என்கின்றார் புலவர். கருவி உண்டு, கற்ற கலையும் உண்டு, கேட்டு மகிழ்ந்து பொருள் தருவார்தாம் இல்லை. அந்நிலையில் எதிரே மற்றொரு கூத்தன் வருகின்றான். அவன் நன்னனிடம் பாடிப் பரிசில் பெற்று மீள்பவன். தான் பெற்ற செல்வத்தைக் காட்டிப் பெருமை பேசிவிட்டு அவன் போய்விடவில்லை. அவர்களை நிறுத்தி, "நீங்களும் அங்கே செல்லுங்கள்; இவ்வழியாகச் செல்லுங்கள்" என்று வழி கூறுகின்றான். பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படை. ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். உலக மொழிகளில் வெற்றி பெற்றோரைப் புகழும் பாட்டுகள் பல உண்டு. வெற்றி பெற்றவன் வாடியிருப்பவனுக்கு வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தது பழந்தமிழ்நாடு. இக்காலத்து மாணவர்க்கு இதனினும் வேண்டுவதொரு பாடம் இல்லை.

இன்று இசைப்போட்டி நடவாத பள்ளி இல்லை எனலாம். 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகின்றது. பள்ளி அளவிலே தேர்ந்தவர் வட்டாரத்திற்கும், அங்கே தேர்ந்தவர் மாவட்டத்திற்கும், அதன்பின் மாநில அளவிலான போட்டிக்கும் செல்கின்றனர். மலையூர்ச் சிறுவனும் மாநகரச் சிறுமியும் ஒரே மேடையில் பாடும் வாய்ப்பு இதனால் வாய்த்துள்ளது. இது போற்றத்தக்க நன்மையே. ஆயினும், ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஏறுவோர் சிலர், நின்றுவிடுவோர் பலர். ஒருவர் பரிசு பெறுகின்ற மேடைக்குப் பின்னால், பரிசு பெறாத பதின்மர் நிற்கின்றனர். அவர்களுள் ஒரு சிறுமி வீட்டிற்குச் சென்று, "இனி நான் பாடமாட்டேன்" என்று சொல்லிவிடுகின்றாள். அன்றோடு ஒரு குரல் அடங்கிப்போகின்றது. போட்டியின் உண்மையான இழப்பு இதுவே. பரிசுக் கோப்பை ஒருவர்க்குக் கிடைக்காமற் போவது பெரிய இழப்பன்று. பாட்டையே ஒருவர் விட்டுவிடுவது பேரிழப்பு.

தோல்வி என்பது யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். போட்டியில் நடுவர் கூறும் தீர்ப்பு ஒரு நாளைப் பற்றியது. ஒரு பாட்டைப் பற்றியது. சில நிமிடங்களைப் பற்றியது. அன்று தொண்டை கட்டியிருக்கலாம். சுருதி சற்று விலகியிருக்கலாம். அச்சத்தால் தாளம் தடுமாறியிருக்கலாம். அத்தீர்ப்பு, 'இன்று இவர் பாடியது இத்தன்மைத்து' என்று கூறுமேயன்றி, 'இவர் என்றும் பாடத் தகாதவர்' என்று கூறுவதன்று. கூறாத தீர்ப்பைத் தாமே கூறிக்கொண்டு வருந்துவோர் பலர்.

நடுவரும் மனிதரே. அவர் தீர்ப்பும் சிலபோது பிழைபடும். திருவிளையாடற் புராணத்தில் இசைவாது வென்ற படலம் என்று ஒரு பகுதி உண்டு. பாணபத்திரர் மனைவிக்கும் ஈழத்திலிருந்து வந்த பாடினி ஒருத்திக்கும் பாண்டியன் அவையில் இசைப்போட்டி நிகழ்கின்றது. நடுநிலை பிழைத்த மன்னன் ஈழத்துப் பாடினியே வென்றாள் என்றான். அவையில் இருந்தோரும் அரசன் முகம் நோக்கி அதனையே வழிமொழிந்தனர். பாணபத்திரர் மனைவி மனம் உடைந்து பாட்டைக் கைவிடவில்லை; இறைவன் திருமுன் மீண்டும் பாடி வென்றாள் என்று புராணம் கூறுகின்றது. அரசவையிலும் தீர்ப்புப் பிழைபடும் என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர்.

இத்தகைய நிகழ்ச்சி அண்மைக் காலத்தில் பிரான்சு நாட்டிலும் நடந்ததுண்டு. மொரீஸ் ராவெல் என்னும் இசைஞர், இளம் இசையாளர்க்கு அந்நாட்டில் வழங்கப்பட்ட உரோமைப் பரிசுக்காக ஐந்து முறை முயன்றார். 1905ஆம் ஆண்டில் ஐந்தாம் முறையாக வந்தபோது முதற்கட்டத் தேர்விலேயே விலக்கப்பட்டார். அப்பொழுதே அவர் நாடறிந்த இசைஞராக விளங்கினார். இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அனைவரும் நடுவர் ஒருவரின் மாணவரே என்பது வெளிப்பட்டபோது, நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பாரிசு இசைக்கல்லூரியின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. ராவெல் முதற்பரிசு பெறவில்லை. ஆனால் இசை எழுதுவதை நிறுத்தவும் இல்லை. 1928ஆம் ஆண்டில் அவர் படைத்த 'பொலேரோ' என்னும் இசை, இன்றும் உலகெங்கும் ஒலிக்கின்றது.

இவற்றைக் கேட்ட மாணவர், தாம் தோற்ற போதெல்லாம் நடுவரே பிழை செய்தார் என்று எண்ணிவிடலாகாது. அஃது எளிதான ஆறுதல். ஆனால் தீமை பயக்கும் ஆறுதல். பெரும்பாலான தோல்விகள் நேர்மையான தோல்விகளே. மற்றவர் நன்றாகப் பாடினார், அதனால் வென்றார். அதனை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் வேண்டும். குறை யாதென்று அறிந்தாலன்றி அதனை நீக்க இயலாது. ஆகவே, தோற்றவர்க்கு ஊக்கம் தருவோர் பொய் கூறலாகாது. "நீதான் உண்மையில் வென்றாய்" என்று தேற்றுவது அன்பின் பெயரால் செய்யும் தவறு. உண்மையைச் சொல்லியும் ஒருவரைத் தேற்றுதல் இயலுமோ என்று சிலர் வினவுவர். இயலும் என்பதற்குப் பெரியபுராணமே சான்று தருகின்றது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிசையில் வல்லவர். திருஞானசம்பந்தர் பாடும் பதிகங்களை உடன் இருந்து யாழில் வாசித்து வந்தவர். சம்பந்தரின் பாட்டுச் சிறப்பதற்கு யாழ்ப்பாணரின் வாசிப்பே காரணம் என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். அதனைக் கேட்டு நடுங்கிய யாழ்ப்பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். தருமபுரம் என்னும் திருத்தலத்தில் சம்பந்தர் அவ்வாறே பாடினார். யாழ்ப்பாணர் வாசிக்க முயன்றார், இயலவில்லை. அவர் வேண்டிப் பெற்ற தோல்வியே அஃது. எனினும், கைவந்த கலை கைவிட்டுப் போகும் அந்த நொடியில் அவர் உள்ளம் துடித்தது. 'இக்கருவியால் அன்றோ இவையெல்லாம் விளைந்தன' என்று கூறி யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் உடனே தடுத்து, அந்த யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்பொழுது சம்பந்தர் கூறியவற்றைக் கருதுக. 'நீர் நன்றாகவே வாசித்தீர்' என்று அவர் கூறவில்லை. 'யாழ் தாழ்ந்த கருவி' என்றும் கூறவில்லை. சிந்தையாலும் அளவிட முடியாத பொருளைக் கருவியின் செயலால் முழுவதும் எட்டிவிட முடியுமோ என்று கேட்டார். யாழை முறிக்க வேண்டா, வந்த அளவிலே வாசித்து வருக என்று கூறி மீண்டும் அவர் கையில் அளித்தார். யாழ்ப்பாணர் அதனை வாங்கி, இறுதிவரை சம்பந்தருடனே இருந்து வாசித்து வந்தார். உண்மையும் குறையவில்லை, அன்பும் குறையவில்லை, யாழும் பிழைத்தது. தோற்ற மாணவனிடம் ஓர் ஆசிரியரோ பெற்றோரோ எவ்வாறு பேசுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஊக்கத்தைப் பிறர் தரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கலையைத் தொடர்ந்து செய்வதே சிலர்க்கு ஊக்கமாக அமைகின்றது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றியபின், அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் பிள்ளையவர்கள் பாயிரம் தர இசையவில்லை. பாரதியார் பலமுறை வந்தும் பயன் இல்லை. ஒருநாள் அவர் பிள்ளையவர்களின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தம் கீர்த்தனைகளைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பிள்ளையவர்களின் செவியில் அவ்விசை விழுந்தது. இலக்கணம் தேடிய உள்ளம் இசையில் உருகியது. சிறப்புப் பாயிரமும் பிறந்தது. இச்செய்தியை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ளார். பாரதியார் மறுத்தவரோடு வழக்காடவில்லை, மனம் கசந்து நூலை மூலையில் எறியவும் இல்லை, பாடினார். மறுப்புக்கு மறுமொழியாக அவர் வைத்திருந்தது பாட்டு ஒன்றே.

இனி, பிறர் தரும் ஊக்கம் எவ்வாறு அமைந்தால் பயன்படும் என்பதற்கு இத்தாலி நாட்டு இசைஞர் வெர்டியின் வாழ்வு சான்றாகும். அவர் 1832ஆம் ஆண்டில் மிலான் நகர இசைக்கல்லூரியில் சேர விரும்பித் தேர்வுக்குச் சென்றார். வயது மிகுந்தவர் என்றும், வேற்று நாட்டுப் பகுதியைச் சேர்ந்தவர் என்றும், பியானோவில் கைவைக்கும் முறை பிழையானது என்றும் கூறி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெர்டி அந்நகரிலேயே தனி ஆசிரியர் ஒருவரிடம் பயின்றார். பின்னர், மனைவியையும் இரு மக்களையும் அடுத்தடுத்து இழந்த துயரத்தினிடையே, 1840இல் அவர் எழுதிய இசைநாடகம் ஒன்று அரங்கில் முற்றும் தோல்வியுற்றது. இனி இசை எழுதுவதில்லை என்று அவர் உறுதி கொண்டார். அரங்கின் தலைவராகிய மெரெல்லி என்பவர் அவருக்கு நீண்ட அறிவுரை எதனையும் வழங்கவில்லை. புதிய நாடகம் ஒன்றன் ஏட்டை அவர் கையில் திணித்து, படித்துப் பார்க்குமாறு சொன்னார். அந்நாடகமே 'நபுக்கோ'. 1842இல் அரங்கேறிய அது வெர்டியின் பெயரை நாடெங்கும் பரப்பியது. அவரை ஏற்க மறுத்த மிலான் இசைக்கல்லூரி இன்று வெர்டியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. துவண்ட கலைஞனுக்குப் பாராட்டுரையைக் காட்டிலும் அடுத்துச் செய்யவேண்டிய செயலே மருந்தாவதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. "கவலைப்படாதே" என்பதைவிட, "வரும் திங்கட்கிழமை இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு வா" என்பது மேலான ஊக்கமொழி.

செங்கண்மாவுக்கு வழி கூறிய கூத்தனும் இவ்வாறே செய்தான். அவன், "அஞ்சாதீர், எல்லாம் நன்றாகும்" என்று கூறி அனுப்பவில்லை. வழியிலுள்ள இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தான். பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள் உள்ள இடம் இது. விடிந்தபின் செல்லுங்கள் என்றான். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகள் உள்ளன. பார்த்துச் செல்லுங்கள் என்றான். தினைப்புனம் காப்போர் கவணால் எறியும் கற்கள் பாய்ந்து வரும். மரங்களில் மறைந்து தப்புங்கள் என்றான். பாசி படர்ந்த வழுக்குப் பாறைகளில் அருகிலுள்ள கொடிகளையும் கோல்களையும் பற்றிக்கொண்டு நடக்கச் சொன்னான். எவ்வூரில் யார் உணவு தருவர், எங்கே தங்கலாம் என்பதையும் கூறினான். தானும் அவ்வழியே வழுக்கியும் தடுமாறியும் நடந்தவன் ஆதலால் அன்றோ அவனுக்கு அவை தெரிந்தன!

போட்டியில் வென்ற மாணவனுக்கும் இக்கடமை உண்டு. பரிசுக் கோப்பையோடு அவன் நேரே வீடு செல்லலாம், தடுப்பார் இல்லை. ஆனால், பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் தோழனிடம் சென்று, "எனக்கும் சென்ற ஆண்டு இதே இடத்தில் சுருதி விலகியது, நாள்தோறும் காலையில் இவ்வாறு பயின்றேன், நாளை முதல் நீயும் என்னோடு வா" என்று அவன் சொல்வானாயின், அவனே நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தனின் வழித்தோன்றல் ஆவான். ஒருவன் மட்டும் வென்று மற்றவர் பாட்டை விட்டுவிடுவாராயின், அடுத்த ஆண்டு அவன் பாடுவதைச் சுவைத்துக் கேட்கவும் ஆள் இராது. கலை பலருடைய முயற்சியால் வாழ்வது. தனி ஒருவரின் வெற்றியால் அது தழைப்பதில்லை.

போட்டி இல்லாவிடில் முயற்சி வளராது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. போட்டி, சோம்பியிருப்பவரை எழுப்பும். சிதறிய பயிற்சியைச் சீர்ப்படுத்தும். பிறர் பாடுவதைக் கேட்கச் செய்யும். ஆனால், இசை போட்டிக்காகப் பிறந்ததன்று. மலைபடுகடாத்திலேயே இதற்குச் சான்று உண்டு. நவிர மலையில் எழும் பல்வேறு ஒலிகளைப் புலவர் அதில் தொகுத்துக் கூறுகின்றார். மலையை யானையாகவும், அதனிடத்தே எழும் ஓசையை அவ்யானையின் மதமாகவும் உருவகித்தமையால்தான் பாட்டுக்கே அப்பெயர் வந்தது. அருவி வீழும் ஒலி, தேன் எடுத்த கானவரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை எனப் பலவும் அங்கே கேட்கின்றன. அவற்றினிடையே ஓர் அரிய பாட்டும் கேட்கின்றது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவரின் துன்பம் தணியும்பொருட்டு, மலைவாழ் மகளிர் காப்பாகப் பாடும் பாட்டே அஃது. அங்கே நடுவரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பாடியவள் கேட்டது ஒன்றே: அவன் பிழைத்து எழவேண்டும். அத்தகைய பாட்டுக்கு எந்த அவையில் முதற்பரிசு தருவது?

செங்கத்தைச் சூழ்ந்த நிலத்திலே மற்றொரு செல்வமும் உண்டு. அதுவே நடுகற்கள். பல்லவர் காலத்தைச் சேர்ந்த நடுகற்கள் பல அவ்வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. ஊரின் ஆநிரையைக் காக்கப் போராடி வீழ்ந்தோர்க்கு நட்ட கற்கள் அவற்றுள் பல. வென்று வீடு திரும்பியவர்க்கு நட்டவை அல்ல அவை. களத்தில் நின்று வீழ்ந்தவர்க்கு நட்டவை. மலைபடுகடாத்திலும் நடுகற்களைப் பற்றிய குறிப்பு உண்டு. அவ்வழியே செல்லும் கூத்தர், அக்கற்களின்முன் தம் இசையால் வழிபட்டுச் செல்லவேண்டும் என்று கூறப்படுகின்றது. வெற்றியை மட்டும் எண்ணிக் கொண்டாடும் சமுதாயம் இத்தகைய கல்லை நட்டிராது. நின்றான் என்பதே அக்காலத்தவர்க்குப் பெருமையாக இருந்தது.

ஆகவே, போட்டியில் தோற்ற மாணவர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தீர்ப்பை அமைதியாகக் கேட்டு, அதில் உள்ள உண்மையை எடுத்துக்கொள்ளுதல். இரண்டாவது, தம் குறையைத் திருத்த வல்ல ஆசிரியரையோ தோழரையோ நாடுதல். மூன்றாவது, மறுநாட் காலையில் மீண்டும் பாடுதல். இம்மூன்றனுள் மூன்றாவதே கடினமானது, அதுவே இன்றியமையாதது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்து இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். முயற்சியை அடுத்து இடுக்கண் வரும் என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகின்றது.

செங்கண்மாவுக்கு வழி கேட்டுச் சென்ற கூத்தர், கருவிப் பைகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டிருந்தால் நன்னன் வாயிலை அடைந்திரார். வழி வழுக்கிய போதும், கவண்கல் பறந்து வந்தபோதும் அவர்கள் காக்கவேண்டியது அந்தக் கருவிகளையே. மேடையிலிருந்து பரிசின்றி இறங்கும் ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும் நெஞ்சில் இருத்த வேண்டிய மொழி ஒன்று உண்டு. அது தருமபுரத்தில் யாழைக் கையில் வாங்கிக்கொண்டு சம்பந்தர் சொன்ன பொருளை உடையது: வந்த அளவிலே வாசித்து வருக. யாழை முறிக்க வேண்டா.